ராணி தலையில் அத்திப் பூ

அந்தக் காலத்தில் மேகங்களுக்குக் கூத்துப் பைத்தியம். எங்கே மத்தளம் கொட்டினாலும் போட்டது போட்டபடி ஓடி வந்து, மலை உச்சியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வாயைப் பிளந்து பார்க்கும். மரம், மீன், பறவை எல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது, கூத்துக்கா பஞ்சம்? சிரிப்புக் கட்டம் வந்தால் மேகம் இடிஇடியென்று சிரிக்கும். அழுகைக் கட்டம் வந்துவிட்டால் அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிடும். அந்த அழுகைதான் மழை. அதனால் கோடை முற்றியதும் காட்டு ஜனங்கள் பாறை மேட்டில் ஒரு சோகக் கூத்து வைப்பார்கள். பகல் கூத்துதான். பொழுது சாய்ந்தால் பாதி நடிகர்கள் தூங்கிவிடுவார்களே!

அந்தக் காட்டில், ஓடைக்கரையில் ஓர் அத்தி இருந்தாள். அப்போது அவள் பூ எப்படி இருக்கும் தெரியுமா? கையகலம் இருக்கும். நடுவில் மஞ்சள், ஓரமெல்லாம் செக்கச்செவேல். வாசனையோ கேட்கவே வேண்டாம்! ஆனால் என்ன பிரயோஜனம்? ஓடை வளைகிற பள்ளத்தில் அவள் நின்றதால் ஒரு குருவிகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மேட்டில் நின்ற கொன்றையைத்தான் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். அத்திக்கு வயிறு எரிந்தது.

"அவ என்னடி பெரிய அழகி? என்னை ஒரே ஒரு தடவை பார்க்கட்டும், அப்புறம் அவளை எவன் சீண்டுவான்?" என்று தன் காலடியில் இருந்த கெளுத்தி மீனிடம் ஓயாமல் புலம்புவாள்.

அந்த வருஷம் ஓடை வற்றி, அத்தியின் வேரடியில் ஒரு குழித் தண்ணீர் மட்டும் மிச்சம் இருந்தது. அதில்தான் கெளுத்தி தன் குஞ்சுகளோடு கிடந்தாள்.

"அக்கா, உங்க பூவைப் பத்தி அப்புறம் பேசலாம். என் பிள்ளைங்க ஒண்ணு மேல ஒண்ணு கிடக்குதுங்க. இந்தத் தண்ணி தாங்காது. கூத்து என்னைக்குன்னு யாராவது சொன்னாங்களா?"

சொல்லி வாய் மூடவில்லை, ஓடை மணலில் பேச்சுக் குரல் கேட்டது. கூத்துக் கோஷ்டி! பாறை மேட்டுக்குப் போகும் வழியில் நிழல் தேடி வந்திருந்தார்கள். முன்னால் ராணி வேஷம் கட்டுகிற குக்குறுவான். பச்சைக் குருவிதான், ஆனால் அவன் ஒப்பாரி வைத்தால் கல்லும் கரையும். பின்னால் கட்டியக்காரன் வேஷம் போடுகிற ஓணான். எல்லோருக்கும் பசி, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

அத்தி சிலிர்த்துக்கொண்டாள். அவள் கிளையில் பூவுக்குப் பக்கத்திலேயே காயும் பழமுமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"வாங்க வாங்க! பழம் வேணுங்கிற மட்டும் சாப்பிடுங்க. எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணினாப் போதும். ராணி தலையில என் பூவை வெச்சுக்கணும்."

"இவ்வளவுதானா? அழகாத்தானே இருக்கு, வெச்சுக்கிறேன்," என்று குக்குறுவான் பழத்தில் வாயை வைத்தான்.

"இருங்க தம்பி. வெச்சா மட்டும் போதாது. என்ன பூன்னு கட்டியக்காரர் கேட்கணும், நீங்க பேர் சொல்லணும். அப்புறம் அந்த ஒப்பாரிக் கட்டத்துலயும் பூ தலையில இருக்கணும், பாட்டுல பேரும் வரணும்."

குக்குறுவானுக்குப் புரை ஏறிவிட்டது. "என்னக்கா பேசுறீங்க? பெத்த பிள்ளை செத்துக் கிடக்குது. எழவு வீட்டுல தலையில பூ வெச்சுக்கிட்டு எவளாச்சும் அழுவாளா? பூவைப் பிய்ச்சு எறிஞ்சு, தலையை விரிச்சுப் போட்டாத்தானே ஒப்பாரியே தொடங்கும்!"

"அட, அப்பதானே எல்லாக் கண்ணும் உங்க மேல இருக்கும்!" என்றாள் அத்தி. "மேகம் இமை கொட்டாமப் பார்க்குறதே அப்பதான். அந்த நேரத்துல பூவை எடுத்துட்டா எனக்கு என்ன லாபம்?"

குக்குறுவான் ஓணானைப் பார்த்தான். ஓணான் வாய் நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு, "ஒரு பூதானே அண்ணே, யாருக்குத் தெரியப் போகுது?" என்று தலையை ஆட்டினான். வயிறு நிறைந்தவர்கள் மறுப்புச் சொல்வது கஷ்டம். ஒப்புக்கொண்டார்கள்.

கூத்து நாளும் வந்தது. அத்தி தன் உச்சிக் கிளையை எக்கி எக்கிப் பாறை மேட்டைப் பார்த்தாள். கீழே கெளுத்திக்கு ஒன்றும் தெரியாது. "என்னக்கா நடக்குது? மேகம் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வந்துடுச்சுடி! யானைக் கூட்டமா வந்து மலை மேல உட்கார்ந்திருக்கு. இதோ, தேக்கிலைத் திரையைப் பிடிக்கிறாங்க. ஐயோ, என் பூ! திரைக்கு மேல என் பூ தெரியுதுடி!"

திரை விலகியது. ராணி ஆடிக்கொண்டு வந்தாள். கட்டியக்காரன் குறுக்கே விழுந்து, "ராணியம்மா, ராணியம்மா, அந்தக் கொண்டையிலே மின்னுவது என்ன பூவம்மா?" என்றான். "ஓடைக்கரை அத்திப் பூவடா! கொன்றையெல்லாம் கிட்ட நிற்குமாடா?" என்றாள் ராணி. கூட்டம் ஆரவாரம் செய்தது. மேட்டில் கொன்றை முகத்தைத் திருப்பிக்கொண்டதை அத்தி தன் கண்ணால் பார்த்தாள். அவளுக்கு ஜென்ம சாபல்யம்!

இப்போது டிவி சீரியலில் மருமகள் விம்மி விம்மி அழும்போது பக்கத்தில் ஒரு டீத்தூள் டப்பா பெயர் தெரியும்படி முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே, அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது இந்த அத்திதான்.

கதை நகர்ந்தது. தாகத்தில் கிடக்கும் மகனுக்காக ராணி காடு காடாகத் தண்ணீர் தேடி அலைந்தாள். கை நிறைய ஏந்திக்கொண்டு திரும்பி வந்தால், மகன் போய்விட்டான். மத்தளம் அடங்கியது. ராணி தலையை விரித்துப் போட்டாள். பூ மட்டும் கீழே விழாமல் நெற்றியில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"சுனைத்தண்ணி கேட்டாயே, என் சுந்தர ராசாவே,
கைநிறைய ஏந்தி வந்தேன், கண் திறக்க மாட்டாயோ..."

மேகத்தின் முகம் கறுத்தது. உதடு துடித்தது. கண்ணோரம் ஒரு துளி திரண்டு தொங்கியது. கெளுத்தி சேற்றிலிருந்து வாயைத் தூக்கி, குஞ்சுகளைப் பார்த்து, "வருது, வருது, வாயைத் திறங்க!" என்றாள். ராணி அடுத்த அடியை எடுத்தாள்.

"அத்திப்பூ வச்ச தலை அவிழ்ந்து கிடக்குதய்யா,
ஓடைக்கரை அத்திப்பூ ஒண்ணே போதுமய்யா..."

மேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "என்ன பூ அது? இவ்வளவு நேரமும் வாடாம இருக்கே! ஓடைக்கரையிலயா?" என்று எழுந்து, மெல்ல நகர்ந்து, பள்ளத்துக்கு நேரே வந்து குனிந்து பார்த்தது. "அடேயப்பா! மரம் முழுக்கப் பூ!"

கூட்டமும் பின்னாலேயே திபுதிபுவென்று ஓடி வந்தது. ஊர்ப்பட்ட கண்ணும் அத்தி மேல்தான்! காலமெல்லாம் அவள் ஏங்கியது இதற்குத்தானே? உடம்பெல்லாம் புல்லரிக்க, கிளைகளை இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டினாள்.

"அக்கா," என்றாள் கெளுத்தி. "அந்தத் துளி எங்கேக்கா?"

அத்தி குனிந்து பார்த்தாள். குழியில் தண்ணீர் இல்லை, வெறும் சேறு. சேற்றில் குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தன.

"தம்பி, பூவை எடுத்துடு! பாடு, முதல்லேருந்து பாடு!" என்று பாறை மேட்டைப் பார்த்து அலறினாள்.

குக்குறுவான் பூவைப் பிய்த்து எறிந்தான். தொண்டை கிழியப் பாடினான். மேகமோ, "ம்ம், பாடு பாடு, காது இங்கேதான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பூவாக ரசித்துக்கொண்டிருந்தது. அதற்குள் மேலைக்காற்று, "போதும், கிளம்பு, அடுத்த காட்டுக்கு நேரமாச்சு," என்று அதன் முதுகைத் தள்ளத் தொடங்கியது.

இந்த அழகு இருக்கிறவரை மேகம் அழாது. அத்திக்குப் புரிந்துவிட்டது. பூவை உதிர்த்துவிடலாமா? உதிர்ந்தால் தரையில் கிடந்தும் மினுக்குமே!

"கண்ணுகளா, உள்ளே போங்க," என்றாள்.

பக்கத்தில் இருந்த பச்சைக் காயைத் திறந்து, பூவைச் சுருட்டி உள்ளே திணித்து, வாயை இறுக மூடினாள். அடுத்த பூ. அதற்கடுத்த பூ. ஒவ்வொன்றையும் உள்ளே தள்ளும்போது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "ஐயோ, மூடாதே, மூடாதே!" என்று கூட்டம் கத்தியது. அவள் காதில் வாங்கவே இல்லை. கடைசிப் பூவும் மறைந்தபோது அங்கே நின்றது வெறும் பச்சை மரம்.

மேகம் அங்கும் இங்கும் பார்த்தது. பார்க்க ஒன்றும் இல்லை. பாறை மேட்டில், தலையில் ஒன்றும் இல்லாத ஒரு தாய், ஏந்திய கையோடு தன் பிள்ளை முன்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். மேகம் அவளைப் பார்த்தது. பார்த்தபடியே, "ஐயோ பாவமே!" என்று ஓவென்று அழுதது.

அடேயப்பா, என்ன மழை! ஓடை கரைபுரண்டது. பூ ஒட்டியிருந்த சிவப்பு மட்டும் குக்குறுவான் நெற்றியை விட்டுப் போகவில்லை, இன்றும் அப்படியே இருக்கிறது. கெளுத்தி தன் பிள்ளைகளோடு அத்தியின் வேரைச் சுற்றிச் சுற்றி நீந்தினாள்.

"அக்கா, மழைதான் வந்துடுச்சே! இனிமே திறங்க. நான் பார்க்கிறேன், என் பிள்ளைங்க பார்க்கட்டும்."

அத்திக்கு ஆசைதான். ஒரு காயின் வாய் லேசாக நெகிழக்கூடச் செய்தது. மறுபடி இறுக்கிக்கொண்டாள்.

"வேணாம்டி. அடுத்த வருஷமும் கூத்து இருக்கு," என்றாள்.

அன்று மூடியவள்தான், இன்றுவரை அத்தி வெளியே பூக்கவில்லை. ஓர் அத்திப் பழத்தைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே பொடிப்பொடியாய் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறதே, அத்தனையும் அவள் அன்று உள்ளே போகச் சொன்ன பூக்கள்தான்.