ஏழு கால் சிலந்தி

கல்லூரித் தோட்டத்தில் இரண்டு அபூர்வச் சிலந்திகளைக் கண்டுபிடித்ததாகப் பேராசிரியர் நல்லசிவம் படம் எடுத்து ஊரெல்லாம் காட்டியிருந்தார். ஒன்று மஞ்சள் பட்டை போட்டது, மற்றது பழுப்பு. மறுநாள் செம்பருத்தியில் மஞ்சள் மட்டும்தான் இருந்தது. அவருடைய சந்தேகம் நேராகத் தோட்டக்காரி வெள்ளத்தாய் மேல் போனது. அவளுடைய தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டார்.

"யாருக்குப் பிடிச்சுக் குடுத்தே? சாயந்திரத்துக்குள்ள பழுப்புச் சிலந்தி வரணும். இல்லேன்னா நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்லை" என்றார், முதல்வரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.

"படத்தைக் குடுங்க சார், அடையாளம் பார்த்துக்கிறேன்."

இரண்டு படங்களையும் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "சிலந்திக்கு எத்தனை கால் சார்?"

"எட்டு. இதுகூடத் தெரியாதா?"

"இது ரெண்டுக்கும் ஏழுதான் இருக்கு. ரெண்டுலயும் அதே மூணாவது கால் இல்லை."

முதல்வர் படங்களை வாங்கி எண்ணினார். வெள்ளத்தாய் இருவரையும் செம்பருத்தி வலைக்கு முன்னால் நிறுத்தினாள். மஞ்சள் சிலந்தி, ஏழு கால்.

"இப்ப சுத்தி அந்தப் பக்கம் வாங்க. தண்ணி பாய்ச்சுன இடம், ஷூ சேறாகும்னு சார் இன்னைக்கு அங்க போகலை."

பின்னாலிருந்து பார்த்தால் அதே சிலந்தியின் வயிறு தெரிந்தது. பழுப்பு. அதே ஏழு கால்.

"நீ போய் வேலையைப் பாரும்மா" என்றார் முதல்வர்.

"நல்லவேளை சார், என் முகத்தையும் முதுகையும் தனித்தனியாப் படம் எடுக்கலை" என்றாள் வெள்ளத்தாய் பேராசிரியரிடம். "ரெண்டு பேர்ல ஒருத்தியைக் காணோம்னு போலீஸ்ல சொல்லியிருப்பீங்க."