மூன்று வாய்தா

வக்கீல் சங்கரலிங்கம் முப்பது வருடமாகத் தன் கையால் ஒரு மனுவும் எழுதியதில்லை. எழுதிவந்த ஜூனியரும் போன மாதம் விலகிவிட்டார். அந்த இடம் கேட்டு வந்தாள் சூளைத் தொழிலாளி மகள், சட்டம் படித்த பேச்சியம்மாள்; கிடைக்காவிட்டால் மறுபடி செங்கல் சுமக்க வேண்டும். மூன்று முறை "அடுத்த வாரம்" என்று குமாஸ்தாவிடம் சொல்லியனுப்பியவர், இன்று வாசலில் அகப்பட்டார்.

"அடுத்த வாரம் வாம்மா."

"மூணு வாய்தாவுக்கும் நான் ஆஜர், ஐயா. நீங்க வரலை. எதிர்த்தரப்பு வராட்டா எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு; அது எனக்குத்தான்" என்று தன் கறுப்பு அங்கியை ஆணியில் மாட்டினாள்.

குமாஸ்தா இருமிச் சிரிப்பை மறைத்தார்.

"அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போடுவேன், தெரியுமா?" என்றார் வக்கீல்.

பேச்சி பேனாவைத் திறந்தாள். "சொல்லுங்க ஐயா, எழுதிக்கிறேன்."

அவர் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.