கல் இருந்த இடம்

எல்கானா கொலைகாரன் அல்ல. ஆனால் அவன் கையால் ஒருவன் செத்தான்.

காட்டில் விறகு வெட்டும்போது கோடரி காம்பிலிருந்து கழன்று பறந்தது. எதிரே நின்ற எசேரின் நெற்றியில் பட்டது. எசேர் பக்கத்து வீட்டுக்காரன், கூடவே வளர்ந்தவன். அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவனுக்கு மோசேயின் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. அடைக்கலப்பட்டணம். அதன் எல்லைக்கல்லுக்கு உள்ளே இருக்கும்வரை அவனை யாரும் தொடக்கூடாது. வெளியே காலடி வைத்தால் செத்தவனின் உறவுக்காரன் வெட்டலாம், கேள்வி கிடையாது. பிரதான ஆசாரியர் சாகும்வரை உள்ளேதான் கிடக்க வேண்டும். அவர் செத்தால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

அதனால் பிரதான ஆசாரியரின் தாய் அங்கிருப்பவர்களுக்கெல்லாம் கம்பளி அங்கி அனுப்புவாள். மகனின் சாவுக்கு வேண்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று.

சீடன் அங்கே போனால் ஆசானும் கூடப் போக வேண்டும் என்பது வழக்கம். எல்கானாவின் ஆசான் ஒபேத் போனார். போய்ச் சேர்ந்ததும் வெங்காயம் நட்டார்.

ஒரு குளிர்காலத்தில் எல்கானா அந்த அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பிரதான ஆசாரியர் எப்போதுதான் போய்ச் சேருவாரோ என்று முணுமுணுத்தான்.

"சபிப்பதானால் அங்கியைக் கழற்றிவிட்டுச் சபி," என்றார் ஒபேத்.

வருஷங்கள் போயின. எல்கானாவின் தாடி நரைத்தது.

ஒருநாள் காலையில் கம்பளி வியாபாரி செய்தி கொண்டுவந்தான். எல்கானாவின் தாய் இறந்துவிட்டாள். பொழுது சாயுமுன் அடக்கம். கல்லறைக் குகை பள்ளத்தாக்குக்கு அப்பால் இருந்தது. பாடை எல்லைக்குக் கீழே உள்ள சாலை வழியாகத்தான் போகும். எல்லைக்கல்லுக்கும் சாலைக்கும் நடுவே கூப்பிடு தூரம்.

கொஞ்ச நேரத்தில் எல்கானாவைக் காணவில்லை. ஒபேத் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்துக்குப் போய்ப் பார்த்தார். எல்லைக்கல் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. எல்கானா தோளைக் கொடுத்துக் கல்லைச் சாலைப் பக்கமாக உருட்டிக்கொண்டிருந்தான். கல்லை விட்டு முன்னால் போகாமல், அதன் பின்னாலேயே கவனமாக நின்றுகொண்டிருந்தான்.

என்ன வேலை இது என்று கேட்டார்.

நான் எல்லையைத் தாண்டவில்லை, எல்லையைத்தான் கொண்டுபோகிறேன் என்றான். தாயின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றான். பிறகு கல்லின் மேல் சாய்ந்து அழுதான்.

"கர்த்தர் கடலுக்கு மணலை எல்லையாக வைத்தார். சட்டம் தந்த மலையைச் சுற்றியும் எல்லை போடச் சொன்னார். அடுத்தவன் எல்லைக்கல்லைத் தள்ளினால் சாபம். வேதம் முழுக்க வேலிதானா, ஆசானே?"

ஒபேத் குனிந்து கல்லில் கை வைத்தார்.

"யாமீன் அமாவாசைதோறும் எல்லைக்கு வெளியே அந்த மரத்தடியில் வந்து உட்காருகிறானே, பார்த்திருக்கிறாயா?"

பார்த்திருக்கிறான். யாமீன் எசேரின் தம்பி. குடும்பத்துப் பெரியவர்கள் அவன் இடுப்பில் கத்தியைச் செருகி அனுப்புவார்கள். சாயங்காலம்வரை கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போவான்.

"வீட்டில் அவனைக் கேட்கிறார்கள், ஏன் இன்னும் எல்கானா உயிரோடிருக்கிறான் என்று. கல்லைத் தாண்டவில்லை என்கிறான். பாவம், அவனிடம் இருப்பது அந்த ஒரு பதில்தான். அதையும் உருட்டிக்கொண்டு போகிறாய். ம், பிடி அந்தப் பக்கம்."

மேட்டில் ஏற்றுவது சுலபமாக இல்லை. கிழவரின் உள்ளங்கை கிழிந்தது. கல் பழைய பள்ளத்தில் உட்கார்ந்தபோது, கீழே ஒப்பாரி கேட்டது.

பாடை வந்தது. முன்கம்பைச் சுமந்து வந்தவன் யாமீன். அவனும் அந்தத் தாயின் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்தான்.

ஒபேத் எல்லையைத் தாண்டி இறங்கினார். அவருக்குத் தடை கிடையாது. யாமீனிடம் ஏதோ சொன்னார். நீளமாக ஒன்றுமில்லை. யாமீன் மேலே பார்த்தான். பிறகு பாடை சாலையை விட்டு விலகி மேட்டில் ஏறத் தொடங்கியது.

கல்லுக்கு வெளியே, கல்லை ஒட்டி இறக்கினார்கள். முகத்துணியை யாமீனே விலக்கினான். எல்கானா உள்ளே முழங்காலிட்டு, கல்லின் மேல் குனிந்து, தாயின் நெற்றியில் நெற்றியை வைத்தான். யாமீன் ஒரு கையைக் கத்திப் பிடியிலிருந்து எடுக்கவில்லை. மறு கையால் பாடை சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

பாடை போனது. எல்கானாவால் கூடப் போக முடியாது. அவனுக்குப் பதிலாக ஒபேத் போனார்.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார். எல்கானா கல்லருகிலேயே இருந்தான்.

"அவனிடம் கெஞ்சினீர்களா?"

"எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை."

"பிறகு எப்படி வந்தான்? இத்தனை வருஷம் அந்த மரத்தைத் தாண்டி வராதவன்."

ஒபேத் உட்கார்ந்து காலிலிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டார்.

"கல் அதன் இடத்தில் இருக்கிறது என்றேன். வந்தான்."