வெடிக்காமல் இருந்த ஆறு நாள்

குரு என்றால் வெள்ளைத்தாடி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் மங்கையர்க்கரசி. சிஷ்யர் திரவியத்துக்கு ஐம்பத்தேழு. இருபத்தைந்து வருஷம் ஆன்டெனா பராமரிப்பில் கிடந்துவிட்டு, எட்டு மாசத்துக்கு முன்னால் தானே கேட்டு இந்த வேலைக்கு வந்தவர். வேலையை அ, ஆவிலிருந்து சொல்லிக் கொடுத்தது மங்கையர்க்கரசிதான். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். ஆபீசில் இருப்பவர்கள் "சிஷ்யப்பிள்ளை வந்தாச்சா?" என்று கேலி பேசுவார்கள். திரவியம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வேலை இதுதான். வானத்தில் 'வெய்யோன்' என்று ஒரு தொலைநோக்கி சுற்றிக்கொண்டிருக்கிறது. சூரியனில் சுடர் வெடிப்பதைப் படம் பிடிக்க அனுப்பியது. ஆனால் அதற்குச் சூரியனை முழுசாகப் பார்க்க முடியாது. அவ்வளவு பெரிய முகத்தில் ஒரு பொட்டு அளவு இடத்தைத்தான் பார்க்கும். அந்தப் பொட்டை மட்டும் மிகக் கிட்டத்தில் பார்க்கும். எந்த இடம் என்று கீழேயிருந்து ஒரு மனுஷன் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒருவர் பொறுப்பு. தினமும் காலை பதினொரு மணிக்கு உத்தரவு மேலே போகும். போனது போனதுதான், மறுநாள் பதினொரு மணி வரை மாற்ற வழியில்லை.

பொங்கல் வாரத்தை ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். திரவியம் கேட்டு வாங்கிக்கொண்டார். தீபாவளி வாரமும் அவர் பார்த்ததுதான். வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவி செல்வக்கனி போய் மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகுட்டி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தனுப்பும் பொங்கலைத் தனியாக உட்கார்ந்து தின்பதைவிட ஆபீசுக்கு வருவது எவ்வளவோ மேல். ஊரே வாசலில் பானை வைத்துச் சூரியனைக் கும்பிட்டது. இவர் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து அதே சூரியனில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய புள்ளி. வெடித்தால் லேசாக வெடிக்காது என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை பார்த்தார், ஒன்றுமில்லை. செவ்வாய் பொங்கல், அன்றைக்கும் ஒன்றுமில்லை. சனிக்கிழமை வரை அது பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது. அதற்குள் கிழக்கு ஓரத்தில் வேறொரு புள்ளி சின்னச் சின்னதாக இரண்டு தடவை பொரிந்தது. ஆறு நாள் பொறுத்த மனுஷனுக்கு ஏழாம் நாள் பொறுக்கவில்லை. ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

மதியம் இரண்டேகாலுக்குப் பழைய புள்ளி வெடித்தது. ஆறு வருஷத்தில் அப்படி ஒரு வெடிப்பு இல்லை. சூரியனை முழுசாகப் பார்க்கிற மற்ற தொலைநோக்கிகள் அத்தனையும் அதைப் பிடித்துவிட்டன. வெய்யோன் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. "அடப்பாவி!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார் திரவியம். அதைக் கேட்கவும் அறையில் ஆள் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வாரக் கூட்டம். ஒன்பதரைக்கே மங்கையர்க்கரசியின் மேஜை முன்னால் வந்து ஒரு கடிதத்தை நீட்டினார்.

"என்ன சார் இது?"

"வாரப் பொறுப்புலேருந்து என் பேரை எடுத்துருங்க மேடம். பழையபடி ஆன்டெனா பக்கமே போயிருதேன்."

ஆன்டெனா பிரிவு பண்டிகைக்குப் பூட்டிவிடுகிற இடம். அங்கே போனால் அடுத்த பொங்கலுக்கு வீடுதான், நாலு சுவர்தான். அது தெரிந்தேதான் எழுதியிருந்தார்.

மங்கையர்க்கரசி படித்தார். மடித்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். ஒரு இடத்தை எத்தனை நாள் பாத்துக்கிட்டு இருக்கணும், எப்ப விடணும்? உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எனக்கும் தெரியாது சார்."

"தெரியாமலா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா. உக்காருங்க. நேத்து சாயங்காலத்துலேருந்து மெயில் வந்துக்கிட்டே இருக்கு. கூட்டத்துக்கு முன்னாடி பதில் போட்டுடணும். நீங்க வாசிங்க, நான் டைப் பண்றேன்."

திரவியம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உலகம் பூராவும் இருந்து ஆராய்ச்சிக்காரர்கள் காறித் துப்பி எழுதியிருப்பார்கள். மொத்தம் பதினான்கு. முதலாவது ஜப்பானிலிருந்து.

"அந்தப் பெரிய புள்ளியோட படம் கேக்காங்க."

"எந்தத் தேதி?"

"திங்கள்லேருந்து சனி வரைக்கும்."

"அடுத்தது?"

"இதுவும் அதேதான். சனி வரைக்கும்."

"அடுத்தது?"

ஏழாவதில் நிறுத்திவிட்டார். "அதுல ஒண்ணுமே இல்லையே மேடம். சும்மா கிடந்த புள்ளி. எதுக்கு இத்தனை பேரு கேக்காங்க?"

"வெடிக்கிறதுக்கு முன்னாடி அது எப்படி இருந்ததுன்னு அவ்வளவு கிட்டத்துல வேற யாரும் பார்க்கல சார். உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

திரவியத்தின் முகம் தெளியவில்லை. எட்டாவது மெயிலைத் திறந்தார், வாசிக்கவில்லை.

"என் வீட்டுக்காரி போனப்பவும் இப்படித்தான் மேடம்."

மங்கையர்க்கரசி கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். எட்டு மாசத்தில் இந்த மனுஷன் வீட்டைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

"ஆஸ்பத்திரியில பத்தொம்பது நாள். கட்டில் பக்கத்துலயே கிடந்தேன், எங்கயும் நகரல. இருபதாம் நாள் காலையில அவ தங்கச்சி வந்தா. நான் பாத்துக்கிடுதேன், போய்க் குளிச்சிட்டு வாங்க அத்தான்னா. போனேன். அரை மணி நேரம் மேடம், அதுக்கு மேல இல்ல. திரும்பி வந்தா முகத்தை மூடி வச்சிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவ அண்ணன் அத்தனை சனத்துக்கும் முன்னாடி கேட்டாரு. உயிர் போறப்ப வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூட புருஷன் இல்லையேன்னு. அவரு கேட்டது நியாயந்தானே? எப்ப இருக்கணுமோ அப்ப நான் இல்லாமப் போயிட்டேன். நேத்தும் அப்படித்தான். என் ராசி அது."

வெளியே கூட்ட அறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஊருக்குப் போய் வந்தவர்கள் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மங்கையர்க்கரசிக்கு ஆறுதல் சொல்ல வராது. சொல்லியிருந்தாலும் திரவியம் அதை வாங்கிக்கொண்டிருக்க மாட்டார். மூன்று வருஷமாக எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

"அந்தப் பத்தொம்பது நாளும் அவங்க தண்ணி கேட்டிருப்பாங்களே சார்," என்றார். "யார் குடுத்தது?"

"நான்தான் மேடம்," என்றார் திரவியம். பிறகு, திறந்து வைத்திருந்த எட்டாவது மெயிலை வாசித்தார். "இவங்களும் திங்கள்லேருந்து சனி வரைக்கும்தான் கேக்காங்க."