ஒத்துழைக்கவில்லை

“என் ஃபைல்ல என்ன குறை சார்? அதையாவது வாயைத் திறந்து சொல்லுங்க.”

அங்கயற்கண்ணி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மூன்று தடவை திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் ஆறும்?

பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று வேலையை விட்டுவிட்டு வந்தாள். நாலு வருடம் மனநல மருத்துவமனை வார்டுகளிலேயே கழிந்தது.

பத்து நோயாளிகளைச் சோதித்துப் பதிவு எழுத வேண்டும். பத்திலும் வழிகாட்டியின் கையெழுத்து விழுந்தால்தான் கடைசித் தேர்வு. ஒன்பது முடிந்தது. பத்தாவதுக்கு இன்று மாலை ஐந்து மணி கெடு. தவறினால் ஒரு வருடம் போச்சு.

வழிகாட்டி செல்வின் அவளைவிட ஆறு வயது சின்னவர். ஃபைலைத் திருப்பிக் கொடுத்த மூன்று தடவையும் அவர் சொன்னது ஒன்றுதான். இன்னொரு தடவை போய்ப் பாருங்க.

எதைப் பார்க்க? இதுவா வழிகாட்டுகிற லட்சணம்?

இன்று நாலு மணிக்கு அவர் அறைக்குள் நுழைந்தவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். வேலையை விட்டதற்கு வீட்டில் வாங்கிய பேச்சு, மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்றுகூட வார்டில் நின்றது, எதையும் விடவில்லை. குறை என்னவென்றே சொல்லாமல் திருப்பி அனுப்புவது அநியாயம் என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பாள்.

செல்வின் குறுக்கே பேசவில்லை. ஒரு தாளை எடுத்து ஏதோ எழுதினார். இந்த மனுஷன் இன்றைக்காவது காது கொடுத்துக் கேட்கிறாரே என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

எழுதி முடித்துத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

‘மாணவி எரிச்சலாகக் காணப்பட்டார். சம்பந்தமில்லாத புகார்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒத்துழைக்கவில்லை.’

அவ்வளவுதான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“அரை மணி நேரமா தொண்டை வறளப் பேசியிருக்கேன். அதுல ஒரு வார்த்தைகூட இதுல இல்லையே சார். சம்பந்தமில்லாத புகாரா? என்ன புகார்னாவது எழுத வேண்டாமா?”

“எழுதணும்தான்,” என்றார் செல்வின்.

அவளுடைய ஃபைலில் நாலாம் பக்கத்தைத் திறந்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். நீல மையில் அவளே எழுதியது.

‘நோயாளி தனபாக்கியம், வயது ஐம்பத்திரண்டு, தையல் வேலை. எரிச்சலாகக் காணப்பட்டார். சம்பந்தமில்லாத புகார்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சோதனைப் படங்களைக் காட்டியபோது தள்ளிவிட்டார். ஒத்துழைக்கவில்லை.’

அவள் இரண்டையும் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

செல்வின் பேனா மூடியைக் கழற்றி, முனையைக் கையெழுத்துப் போடும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு நாற்பது.

“போட்டுடட்டுமா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரு வருடம் மிச்சம்.

என்ன புகார் சொன்னாள் அந்த அம்மாள்? கண்ணாடியைப் பற்றி என்னவோ. யாரோ மாற்றிவிட்டார்கள் என்று. பொருளை மாற்றிவிட்டார்கள், சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று வார்டில் தினம் யாராவது சொல்வதுதான். எல்லாம் நோயின் பேச்சு என்று நினைத்து அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

“வேண்டாம் சார்.”

ஃபைலை உருவிக்கொண்டு வார்டுக்கு நடந்தாள்.

தனபாக்கியம் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும், திரும்பவும் படம் காட்ட வந்துட்டியா என்று சீறினார்.

அங்கயற்கண்ணி படங்களை எடுக்கவில்லை. ஃபைலின் முதல் பக்கத்தைப் புரட்டினாள். சேர்த்த அன்று அந்த அம்மாளிடம் இருந்த பொருட்களின் பட்டியல். ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து அவளே பார்த்து எழுதியது. இரண்டு சேலை, ஒரு சீப்பு, பழுப்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி ஒன்று.

நிமிர்ந்து பார்த்தாள்.

தனபாக்கியத்தின் மூக்கில் தடித்த கறுப்புச் சட்டம். முகத்துக்குப் பெரிது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எல்லா நாளும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கோ ஐந்து மணி அடித்தது.

“இது யாரோட கண்ணாடிம்மா?”

தனபாக்கியம் அவளையே முறைத்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

“அதைத்தானடி நான் பதினோரு நாளாக் கத்திக்கிட்டிருக்கேன்.”