பேரியம் கரைய மறுத்த கதை

அந்தக் காலத்தில் உலோகங்களுக்கும் வாய் இருந்தது. காற்றும் அமிலமும்கூடப் பேசின. மனிதர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் ஒருவர் பேசினால் காது கொடுத்துக் கேட்க மற்றவர்களுக்குப் பொறுமை இருந்தது.

மலையடிவாரத்துக் குகை ஒன்றில் பேரியம் என்ற உலோகத்தாய் இருந்தாள். கனத்த உடம்பு, இளகிய மனசு. பிராணவாயுவைப் பிள்ளையாக எடுத்து வளர்ப்பது உலோகங்களின் வழக்கம். பேரியத்துக்கு ஒன்றுதான் முறை. ஆனால் அநாதையாகத் திரிந்த இன்னொன்றைக் கண்டதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அதையும் இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டும் ஒன்றன் கையை ஒன்று பற்றிக்கொண்டன. பிறகு விடவே இல்லை. ஆனால் அந்தப் பிடி வலுவற்றது. சூடு பட்டால் நழுவிவிடும். அந்தக் கவலை அவளை அரித்தது.

அப்போதுதான் கந்தக அமிலம் அவளைப் பெண் கேட்டு வந்தான். அவனிடம் மாட்டேன் என்று சொல்லிப் பிழைத்தவர் குறைவு. உலோகத்தை அழைத்துப் போகும்போது, பதிலுக்குத் தன்னிடமிருக்கும் இரண்டு ஹைட்ரஜன்களை விட்டுப்போவது அவன் குலத்து வழக்கம். கோபமோ ஊரறிந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால்கூடக் கொதிப்பான்.

"கிளம்பு" என்றான்.

"வர்றேங்க. ஆனா நான் கையை விட்டதும் எம் பிள்ளைங்க பிரிஞ்சிடக் கூடாது."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"உங்க ஹைட்ரஜனுங்க ரெண்டையும் பக்கத்துக்கு ஒண்ணா இதுங்களுக்குத் துணைக்கு விடுங்க. நீங்களும் நிறைய தண்ணியில கலந்து, சூடெல்லாம் ஆறி, கொஞ்சங் கொஞ்சமா வாங்க. இப்படியே கொதிச்சுக்கிட்டு வந்தா என் பிள்ளைங்க தாங்காது."

அவனை ஆறி வரச் சொன்னவர் அதுவரை யாருமில்லை. அவன் பனி மிதந்த சுனையில் மெல்ல இறங்கி, குளிர்ந்து திரும்பினான்.

பேரியம் பிள்ளைகளை உச்சி முகர்ந்தாள். "வெயில்ல நிக்காதீங்க கண்ணுங்களா. இருட்டா, குளிர்ச்சியா இருக்கிற இடமாப் பாத்து இருங்க" என்றாள். அழுதாள். பிறகு அவனோடு சுனையில் இறங்கி, தானே கையை நீட்டி அமிலத்தைப் பற்றினாள். ஹைட்ரஜன்கள் இருபுறமும் சேர்ந்துகொள்ள, பிள்ளைகள் பிடித்த கை விடாமல் தண்ணீரோடு போய்விட்டன.

அமிலத்தைப் பற்றிய பேரியம் வெள்ளை மாவாகிச் சுனையின் அடியில் இறங்கினாள்.

"வா, நாமளும் கரைஞ்சு ஊரெல்லாம் சுத்துவோம்" என்றான் அவன்.

"நான் வரல. நானும் கரைஞ்சு போயிட்டா, பிள்ளைங்க வந்து என்னை எங்கன்னு தேடும்?"

வேறு வழியின்றி அவனும் அவளருகே உட்கார்ந்துவிட்டான்.

இன்று அந்தப் பிள்ளைகள் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற பெயரில் மருந்துக்கடைக் கருநிறப் புட்டிகளில் வாழ்கின்றன. தாய் சொல்லை மறந்து வெளிச்சத்தில் நின்றால், ஒன்று தண்ணீரிலேயே தங்கிவிட, மற்றது குமிழியாகப் பறந்துவிடும். அன்று முதல்தான், கந்தக அமிலத்தைப் பேரியம் சேரும் இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைப் படிவு அடியில் இறங்கி, எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் கரையாமல் காத்திருக்கிறது.