ஆற்றைக் கடக்காத வாத்தியார்கள்

ஒரு காட்டில், பிள்ளைகளே, ஆற்றோரமாக ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பாடம் ஒன்றே ஒன்றுதான்: ஆற்றைக் கடப்பது. அடைமழை பிடித்தால் பள்ளிக்கூடத்துக் கரையில் வெள்ளம் ஏறிவிடும். அதற்குள் குட்டிகளெல்லாம் எதிரே மேட்டுக்கரைக்குப் போய்ச் சேர வேண்டும்.

தலைமையாசிரியர் மயிலம்மா. அவருக்குக் கீழே மூன்று வாத்தியார்கள். இக்கரையோரச் சுழலில் இறங்காமல் பாறைக்குப் பாறை தாவ வரையாடு, நடு ஆற்றில் நீந்த ஆமை, எதிர்க்கரை ஆலவிழுதைப் பிடித்து ஏறக் குரங்கு. ஆடு மலையடியில் பாடம் நடத்தும். ஆமை குளத்தில். குரங்கு பள்ளிக்குப் பின்னால் இருந்த மரத்தில். ஒருவர் வகுப்பை மற்றவர் எட்டிப் பார்க்க மாட்டார். பார்த்தால் மரியாதைக் குறைவாம்.

மழைக்கு முன்னால் ஆற்றில் ஒத்திகை வைத்தார்கள். சிலுப்பி என்ற முள்ளம்பன்றிக் குட்டி பாறைகளைத் தாவிக் கடந்தான். கடைசிப் பாறையில் கல்லாய் நின்றான். ஒரு வழியாகக் குதித்து நீந்தினான். விழுதைப் பிடித்தான், வழுக்கித் தொபுக்கென்று விழுந்தான். மற்றப் பிள்ளைகளும் அப்படியேதான்.

சிலுப்பியின் தாய் மயிலம்மாவிடம் வந்தாள். “நரி வாத்தியார், கடக்கத் தெரியாத பிள்ளைகளைத் தன் குகையிலே வைத்து மழைக்காலம் முழுக்கச் சொல்லித் தருகிறாராம். அவரிடம் தங்கிப் படித்த பிள்ளை தோற்றுத் திரும்பியதே இல்லையாம்.”

“திரும்பியதே இல்லை, தாயே,” என்றது மயிலம்மா.

“இப்போது அவர் சைவமாம், அம்மா. உங்களால் ஆகாவிட்டால் நான் வேறு என்ன செய்வேன்?”

மயிலம்மா அவளைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொன்னது. உடனே வாத்தியார்களைக் கூப்பிட்டது.

“என் வகுப்பில் சிலுப்பி ஜோராக ஏறுகிறான்,” என்றது குரங்கு. “ஈரக் கையோடு அனுப்பினால் எப்படி ஏறுவான்? ஆமையாரே, பிள்ளையைத் துவட்டி அனுப்பக் கூடாதா?”

“நனையாமல் நீந்த உம்ம பாட்டனார் சொல்லிக்கொடுத்தாரோ?” என்றது ஆமை. “பிள்ளை பாறையிலேயே உறைந்துபோகிறான். தண்ணீரில் இறங்க ஆட்டு வாத்தியார் பழக்கவே இல்லை.”

“பாறையோடு என் வேலை தீர்ந்தது,” என்றது ஆடு. “சும்மா எதற்குச் சண்டை? இந்தப் பிள்ளைகளுக்கு வராது. அவ்வளவுதான்.”

இதற்கு மட்டும் மூன்று தலைகளும் ஒன்றாய் ஆடின.

மயிலம்மா கழுத்தைச் சாய்த்து யோசித்தது. “சரி, பள்ளியை மூடிவிடுவோம். பிரிவு விருந்துக்கு அக்கரையில் பலாப்பழம் உரித்து வைக்கிறேன். வந்து சேருங்கள்.” சொல்லிவிட்டுச் சிறகடித்துப் பறந்துபோய்விட்டது.

“பறக்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்காமல் சொல்லிவிடுவார்கள்,” என்று முனகியது ஆடு.

ஆனாலும் பலா வாசனை ஆற்றைத் தாண்டி வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. ஆடு துள்ளிக்கொண்டு போய்க் கடைசிப் பாறையில் நின்றது. தண்ணீரைப் பார்த்ததும் சிலுப்பியைப் போலவே கல்லாகிவிட்டது. குரங்கும் பக்கத்தில் வந்து வாலைச் சுருட்டிக்கொண்டது. ஆமை முதல் பாறையிலேயே கவிழ்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.



கடைசியில் ஆடு திரும்பி வந்தது. கொம்பால் ஆமையைப் புரட்டி, முதுகில் ஏற்றிக் கடைசிப் பாறையில் இறக்கியது. ஆமை தண்ணீரில் இறங்கி, “ஓட்டின்மேல் முன்னங்கால்களைப் போட்டுக்கொள்ளும் ஐயா, மூழ்கவிட மாட்டேன்,” என்றது. ஆடு கண்ணை மூடிக்கொண்டு இறங்கியது. குரங்கும் ஆட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. விழுதருகே எம்பிப் பிடித்தது. சர்ரென்று வழுக்கி ஆமையின்மேல் விழுந்தது.

“என்ன வாத்தியாரே, உம்ம பாடம் உமக்கே வரவில்லையே,” என்றது ஆமை.

குரங்கு தன் ஈரக் கைகளைப் பார்த்தது. ஆட்டின் கொம்புகளுக்கு நடுவே இருந்த முடி மட்டும் நனையாமல் இருந்தது. “மன்னியும்,” என்று அதிலே கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறியது. பிறகு காட்டுக்கொடியை இறக்கி மற்ற இருவரையும் இழுத்துக் கரையேற்றியது.

“பிள்ளைகளுக்கு வராது என்றீர்களே?” என்றது மயிலம்மா.

“எங்களுக்கே வரவில்லை, அம்மா,” என்றது குரங்கு. “சேர்ந்து சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்கு வந்துவிடும். சரி, சுளை எங்கே?”

“பிள்ளைகளும் வரட்டும். சேர்ந்து சாப்பிடலாம்.”

அன்று சாயங்காலமே மூவரும் ஆற்றிலேயே வகுப்பு வைத்தார்கள். கடைசிப் பாறையில் ஆடு நின்று தைரியம் சொன்னது. அதன் கீழேயே ஆமை காத்திருந்தது. கை துடைக்க ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் குரங்கு காய்ந்த புல்லைக் கட்டிவிட்டது. மழை இறங்குமுன் சிலுப்பி முதல் ஆளாக விழுதேறினான். பின்னாலேயே எல்லாப் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள்.

வெறும் குகையோடு நின்ற நரி மெல்ல வந்து, “மயிலம்மா, உங்கள் பள்ளியில் வாத்தியார் வேலை ஏதாவது கிடைக்குமா?” என்றது.

“கிடைக்குமே. இங்கே எல்லாம் கூட்டு வேலை. முதலில் ஆமையாரோடு சேர்ந்து ஆற்றைக் கடந்து காட்டும்.”

நரி ஆமையைப் பார்த்தது. ஆமையும் நரியைப் பார்த்தது.

“நடு ஆறு கொஞ்சம் ஆழம், ஐயா,” என்றது ஆமை, மிகவும் பணிவாக.

நரி வந்த வழியே போய்விட்டது.

நீதி: பிள்ளைகளால் முடியும் என்று வாத்தியார்கள் ஒன்றாக நம்பிக் கைகோத்தால், கரையேறாத பிள்ளை இல்லை.